எங்கள் நாலு கோழிகள் சார்பில் ஒரு நன்றி மடல்

அன்புள்ள தெருக்காரர்களுக்கும், அந்தச் சனிக்கிழமை வேலைக்கு வந்த தமிழ்ப் பள்ளி நண்பர்களுக்கும்,

ஏழு கோழிகள் இருந்த வீட்டில் இப்போது நாலு. ஆனால் ஜூன் மாதத்திலிருந்து ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தக் கணக்குக்காகத்தான் இந்த மடல். தமிழ் படிக்கத் தெரியாத அக்கம்பக்கத்தாரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். நேரில் சொன்னால் எனக்குப் பாதி மறந்துவிடும். அதனால் முழுவதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் கடைசி வாரம், விடிந்தும் விடியாத நேரம். ஏழு மணிக்கு அலுவலக மீட்டிங். அதற்குள் கோழிகள் கொஞ்சம் மேயட்டும் என்று கூட்டைத் திறந்து புல்லில் விட்டுவிட்டு, காபி போட உள்ளே போனேன். கொல்லையைச் சுற்றி ஆறடி மரவேலி இருக்கிறதே என்ற தைரியம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால் கேசரியும் மிளகும் இல்லை. (பெயர் வைத்தது மகள். கேசரி பஃப் ஆர்ப்பிங்டன், நிறமே அதுதான். மிளகு கறுப்பு ஆஸ்ட்ரலார்ப்.) ரத்தம் இல்லை, உடல் இல்லை. வேலியோரம் ஒரு கைப்பிடி இறகு கிடந்தது. மற்ற ஐந்தும் கூட்டுக்கு அடியில் சத்தமே இல்லாமல் ஒடுங்கியிருந்தன.

எதிர்வீட்டுக்காரர்களே, உங்கள் வாசல் கேமராப் பதிவை உட்கார்ந்து தேடிக் கொடுத்ததற்கு முதல் நன்றி. சாம்பலும் பழுப்புமாய் ஒல்லியான ஒரு உருவம் வேலி மேல் முன்னங்காலைப் போட்டு, பின்னங்காலால் பலகையை உந்தி, இரண்டே நொடியில் மறுபக்கம் இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் வேலியை நம்பி மிச்சத்தையும் தொலைத்திருப்பேன்.

கொயோட்டி என்றால் ஊரில் இருப்பவர்களுக்குப் புரியாது. நம்மூர் நரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓநாய்களை மனிதர்கள் ஒழித்த இடங்களிலெல்லாம் பரவி, இன்றைக்கு ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. எலி, முயல், உதிர்ந்த பழம், குப்பை என்று எது கிடைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். டெக்ஸஸில் ஆஸ்டினுக்கு வடமேற்கே, லியாண்டர் பக்கம் காடாக இருந்த இடங்களில்தான் நாமெல்லாம் வீடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். இருட்டியதும் அது ஊளையிடுவது எங்கள் வீட்டு டிவி சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

மூன்றாவது வீட்டுப் பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. முப்பது வருடம் கோழி வளர்த்தவர். பொறி வைத்துப் பிடித்துவிடலாம் என்று யார் யாரோ எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் வந்து கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினார். “இது குட்டி போடும் காலம். குகையில் அஞ்சாறு வாய் காத்திருக்கும், அதனால்தான் பகலிலும் வருகிறது. இந்த ஜோடியைத் தீர்த்தால் காலியான இடத்துக்கு வேறு ஜோடி வரும்” என்றார். கோபத்தில் இருந்த எனக்கு அது அன்று பிடிக்கவில்லை. மனதுக்குள் அவரைத் திட்டிக்கூட இருக்கிறேன். மன்னிக்க வேண்டும்.

மே நடுவில் மூன்றாவது கோழி போனது. இந்த முறை கூடு பூட்டியிருந்தது. காலையில் பார்த்தால் உள்ளேயே, கம்பியை ஒட்டித் தலையில்லாமல் கிடந்தது. மறுபடியும் கொயோட்டி என்று கத்தினேன். பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, “இது கையால் செய்த வேலை” என்றார். ரக்கூன். நம்மூரில் மரநாய் செய்வதை இங்கே செய்கிற மிருகம். கோழி வலையின் அறுகோண ஓட்டைக்குள் கையை விட்டுக் கழுத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது. கொயோட்டி கோழியை முழுசாகத் தூக்கிப் போகும், பருந்து இறகைப் பிய்த்துக் குவியலாகப் போட்டுவிட்டு அங்கேயே தின்னும், பாம்பு முட்டையையும் குஞ்சையும்தான் எடுக்கும் என்று அன்றைக்குத்தான் அவர் பாடம் நடத்தினார். எந்த மிருகமும் அண்டாது என்று அட்டையில் எழுதி விற்ற கூட்டைத்தான் வாங்கியிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு, வெளியே இருப்பதைத் தடுக்க ஆகாது என்று தெரிந்துகொள்ள மூன்று உயிர் செலவானது.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளியிலிருந்து நாலு குடும்பங்கள், டிரில்லும் ஏணியும் தயிர்சாதமுமாக வந்து இறங்கினீர்கள். பிக்கப் டிரக் தந்தவருக்குத் தனி நன்றி. நூறடி ஹார்டுவேர் கிளாத் சுருள் என் காரில் ஏறியே இருக்காது. (பேரில்தான் துணி. அரை அங்குலச் சதுரக் கட்டம் போட்ட கெட்டிக் கம்பி வலை அது. வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்ட மூன்று பேர் இதை உறுதிசெய்வார்கள்.) ஸ்டேப்பிள் மட்டும் அடித்தால் ரக்கூன் பிய்த்துவிடும், வாஷர் போட்டு ஸ்குரூ முடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த நண்பரே, உங்களை அன்று எல்லோரும் கிண்டல் செய்தோம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஸ்குரூவாகத் தொட்டுப் பார்க்கும்போது உங்களைத்தான் நினைக்கிறேன்.

வலையை இரண்டடி ஆழத்துக்குப் புதைக்க வேண்டும் என்று நான் எங்கோ படித்துவைத்திருந்தேன். கடப்பாறை நாலு அங்குலம் இறங்கியதும் டங்கென்று நின்றது. இந்தப் பக்கமெல்லாம் ஒரு பிடி மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. மணி பதினொன்று, வெயில் ஏறிவிட்டது, எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறீர்கள். பெரியவர் வந்து, “தோண்டாதே, படுக்கப் போடு” என்றார். சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையில் விரித்து, ஆணி அடித்து, ஓரத்தில் கல் வைத்தோம். தோண்ட வருகிற மிருகம் சுவரை ஒட்டித்தான் பிறாண்டும். காலில் கம்பி தட்டினால், இரண்டடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாதாம். இப்போது வலைக்குள்ளிருந்து புல் முளைத்து, வலையே கண்ணுக்குத் தெரியவில்லை. மழைக்குப் பின் ஒருநாள் அதன் மேல் பிறாண்டிய தடம் பார்த்தேன். வந்திருக்கிறது, முயன்றிருக்கிறது, போய்விட்டது.

கூரைக்கும் அதே வலை. செவ்வால் பருந்து மேலே வட்டமிட்டால் அதை ஒன்றும் செய்ய முடியாது. 1918-ஆம் ஆண்டின் சட்டம் அதைக் காக்கிறது. மூடிவைப்பது நம் வேலை. கூட்டுக் கதவின் கொக்கியை எடுத்துவிட்டு மலையேறுகிறவர்கள் மாட்டுகிற கிளிப் போட்டோம். வெளிச்சம் மங்கினால் தானாக மூடும் கதவைப் பொருத்தித் தந்த தம்பிக்கு நன்றி. என்னை நம்பிக் கதவை விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தெருமுனை வீட்டம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நன்றி கொஞ்சம் கூச்சமானது. தெருப்பூனைகளுக்கு ராத்திரி முழுக்க வாசலில் உணவு வைத்திருந்தீர்கள். அதைச் சொல்ல வந்தபோது சண்டையாகிவிடுமோ என்று பயந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து சாயங்காலம் அரைமணி நேரம் வைத்துவிட்டுக் கிண்ணத்தை உள்ளே எடுத்துப் போனீர்கள். ரக்கூன் வரத்து பாதியாகக் குறைந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் நானும் கோழித்தீனியைச் சாக்கில் வைப்பதை விட்டு, மூடி போட்ட தகர டப்பாவுக்கு மாற்றினேன்.

தீனிக்கு எலி வந்தது, எலிக்குப் பாம்பு வந்தது, அது முட்டைப்பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது என்பது தனிக்கதை. டெக்ஸஸ் ராட் ஸ்னேக், விஷமில்லாதது. அம்மா எட்டிப் பார்த்து, “நம்ம சாரை மாதிரிதான், எலி பிடிக்கட்டும், விடு” என்று சொல்லிவிட்டார். தலையணை உறையில் பிடித்து ஓடைப்பக்கம் விட்டுவந்த கல்லூரிப் பெண்ணே, உன் தைரியம் எனக்கு வராது.

அம்மா ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். ஊரில் பஞ்சாரத்தில் கோழி கவிழ்த்து வளர்த்த கை. நகராட்சி உதவி எண்ணில் பேசிய அம்மையார், கொயோட்டியைக் கண்டால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள், கையைத் தூக்கிப் பெரிதாக நின்று சத்தம் போடுங்கள் என்றார். அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மறுவாரம் விடியற்காலையில் எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியுமாகக் கொல்லையில் நின்று அவர் போட்ட போட்டில், கொயோட்டி தாவிய வேகத்தைக் காட்டிலும் பக்கத்து வீட்டு விளக்குகள் எரிந்த வேகம் அதிகம். தூக்கம் கெட்டும் யாரும் புகார் சொல்லவில்லை. அதற்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. சனிக்கிழமை வந்தவர்கள் விட்டுப் போன ஒரு ஸ்டேப்பிள் கன், குழந்தையின் கையுறை ஒரு ஜோடி, மூன்றடுக்குத் தூக்குச்சட்டி ஒன்று எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. யாருடையது என்று பார்த்து எடுத்துப் போங்கள். தூக்கைக் காலியாகத் தரக்கூடாதென்று அம்மா மூன்று அடுக்கிலும் முட்டை அடுக்கி வைத்திருக்கிறார். ஃப்ரிட்ஜில் இடமில்லை, சீக்கிரம் வாருங்கள்.