காஸில்டவுன் மாளிகை: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. மகளைப் பார்க்க டப்ளின் போகிறாய் என்பதில் மிக்க மகிழ்ச்சி. ஒரு நாளை ஒதுக்கி, பக்கத்தில் கில்டேர் மாவட்டத்துச் செல்பிரிட்ஜுக்குப் போ. காஸில்டவுன் மாளிகையைப் பார்க்காமல் திரும்பாதே.

அயர்லாந்து நாடாளுமன்றச் சபாநாயகர் வில்லியம் கானலிக்காக 1722-இல் தொடங்கிய கட்டடம் அது. முகப்பு இத்தாலியர் அலெஸாண்ட்ரோ கலிலேயியின் கை. இருபுறமும் வளைந்து போகும் தூண்வரிசையும் முன்கூடமும் கட்டடக் கலைஞர் எட்வர்ட் லவெட் பியர்ஸ் வேலை. 1729-இல் கானலி இறந்தபோது உள்வேலை பாதியில் நின்றது. பெரிய படிக்கட்டே 1759 வாக்கில், பிற்பாடு அந்த வீட்டின் எஜமானியாக இருந்த லூயிசா கானலி காலத்தில்தான் வந்தது.

அந்தப் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார். போர்ட்லண்ட் என்ற இங்கிலாந்துச் சுண்ணாம்புக் கல்லால் ஆன படிகள். ஒரு முனை மட்டும் சுவருக்குள், மறுமுனைக்குத் தாங்கலே இல்லை. பார்த்தால் அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும். உண்மையில் ஒவ்வொரு படியும் கீழ்ப்படியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. படி புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் சுவரின் வேலை. அதனால் இந்த வகைப் படிக்கட்டில் நடுவில் ஒரு படியை மட்டும் கழற்றுவது, படி நுழையும் இடத்தில் குழாய்க்காகச் சுவரைக் குடைவது, இரண்டும் ஆபத்து. கைப்பிடியின் பித்தளைக் கம்பிகளில் மூன்றில் ‘ஏ. கிங், டப்ளின், 1760’ என்று பொறித்திருக்கும். தேடிப் பார்.

1965-இல் குடும்பம் விற்றதும் வீடு ஆளின்றிக் கிடந்து சீரழிந்தது. 1967-இல் டெஸ்மண்ட் கின்னஸ் தன் சொந்தப் பணத்தில் வாங்காதிருந்தால் இன்று உனக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. 1958-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் ஐரிஷ் ஜார்ஜியன் சொசைட்டியை மனைவி மரிகாவோடு தொடங்கியவர் அவர். 1979-இல் ஓர் அறக்கட்டளை பொறுப்பேற்றது. 1994-இல் வீடு அரசின் பொதுப்பணித் துறைக்கு வந்தது.

இத்தகைய பழைய வீடுகளில் பழுதுபார்ப்பை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். கூரையிலிருந்துதான். முகப்புக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஈயத்தகட்டு வாய்க்கால்தான் முதல் எதிரி. தகட்டை ஒரே நீளமாகப் போட்டால் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி வெடித்துவிடும். சிறு துண்டுகளாகப் போட்டு, துண்டுக்குத் துண்டு ஒரு படி இறக்க வேண்டும். இலை அடைத்தாலும் போதும், தண்ணீர் பின்னோக்கி ஏறி உத்திரத்தின் முனையை நனைக்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் மரத்தை அரித்துத் தின்னும் உளுப்புக் காளான் பிடிக்கும். அது செங்கல் சுவரையே ஊடுருவி அடுத்த அறைக்குப் போகக்கூடியது. மருந்தடிப்பதைவிட ஈரம் வரும் வழியை அடைப்பதே முக்கியம்.

அடுத்தது சுவர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்துகளில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியாகவே போகும்; உறைபனியில் கல்லின் முகம் பொரிந்து உதிரும். சந்தை அதன் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழம் சுரண்டி, கழுவி, ஈரமாக்கிவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூர்மணல் (சொரசொரப்பான மணல்) சேர்த்து நிரப்ப வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே வேலையே கூடாது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாக உலரவிட வேண்டும். அவசரப்பட்டால் சாந்து மாவாக உதிரும். அதற்குச் சுண்ணாம்பைப் பழி சொல்லுவார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

லூயிசா அச்சுப்படங்களைச் சுவரில் ஒட்டி அலங்கரித்த அறையும் அங்கே உண்டு. 18-ஆம் நூற்றாண்டு அறைகளில் அயர்லாந்தில் அந்த வகையில் எஞ்சியது அது ஒன்றுதான். காகிதம் சுவரோடு ஒட்டியிருப்பதால் கழற்றி வேறிடத்தில் வைத்துப் பாதுகாக்க முடியாது. வெளிச்சத்தையும் ஈரத்தையும் அந்த அறைக்குள்ளேயே கட்டுப்படுத்த வேண்டும். எனவே உள்ளே மங்கலாக இருந்தால் குறைப்பட்டுக்கொள்ளாதே.

வெளிச்சுவரின் கல் சந்துகளை அருகில் படம் எடுத்து அனுப்பு. மகளுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சேகர்