வளசரவாக்கத்து வீட்டுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள வீட்டுக்கார அம்மாவுக்கும், மறைந்த ஐயாவின் பிள்ளைகளுக்கும், அந்தத் தெருவில் அன்று எங்களைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்,

வணக்கம். உங்கள் மாடி அறையில் குடியிருந்த சிலோன்காரப் பெண் எழுதுகிறேன். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். உங்கள் ஒருவருடைய பெயரையும் நான் இதில் எழுதப் போவதில்லை. வாசித்தால் யார் யாரென்று உங்களுக்கே விளங்கும்.

1991 மே 21, செவ்வாய்க்கிழமை. அன்று இரவு எங்கே இருந்தாய் என்று யார் கேட்டாலும் எனக்கு யோசிக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். கத்திரி வெயில் காலம். எங்கள் அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரவிலும் உள்ளே படுக்க முடியாது. அம்மா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நடுவில் நான். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மன்னாரில் வள்ளம் ஏறி, தனுஷ்கோடி மணலில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு ஜெர்மனியில் இருந்த மாமா அனுப்பிய காசில் சென்னைக்கு வந்தவர்கள் நாங்கள். அப்பா ஊரிலேயே நின்றுவிட்டார். எனக்கு 19 வயது, தம்பிக்கு 12.

அன்று மாலை ஐயா வெளுத்த வேட்டியும் கதர்த் துண்டுமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போரூருக்குப் போனார். தேர்தல் பிரசாரத்துக்கு ராஜீவ் காந்தி வருகிறார், மீனம்பாக்கத்தில் இறங்கி அந்த வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூர் போகிறார் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். காமராஜர் காலத்திலிருந்து கட்சிக்காரர். அவருடைய கூடத்தில் சாமிப் படங்களுக்குப் பக்கத்திலேயே காமராஜர் படம் இருக்கும். இரவு பத்து மணிபோலத் திரும்பி வந்து, சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, கீழே நின்றே அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பக்கத்துல பார்த்தேம்மா. ரோஜாப்பூ மாதிரி இருக்காரு. என்னைப் பார்த்துக் கை ஆட்டினாரு." பிள்ளையார் கோவில் தேர் பார்த்துவிட்டு வந்த சிறு பையனுடைய குரல் அது. அம்மாவும் சிரித்தபடி "ஓம் ஐயா, நல்லது" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் போயிருக்கும். ஆற்காடு ரோட்டுப் பக்கம் கடைகளின் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து உங்கள் கதவைத் தட்டினார்கள். பிறகு ஐயா அழுத சத்தம். ஓர் ஆண்பிள்ளை வாய்விட்டு அப்படி அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அம்மாவையும் கொன்னாங்க, புள்ளையையும் கொன்னுட்டாங்களே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் 1984-இல் இந்திரா காந்தியைக் கொன்றதைச் சொல்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

மறுநாள் பஸ் இல்லை, பால் இல்லை. ராஜீவோடு சேர்ந்து இன்னும் பலர் இறந்தார்கள் என்று பிறகு அறிந்தோம். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்கள், கவிதை சொல்ல வந்த ஒரு சின்னப் பெண், அவளுடைய தாய். அந்தத் தாயையும் மகளையும் நினைத்து என் அம்மா பல நாள் சாப்பிடும்போது கையை அப்படியே நிறுத்திவிடுவார்.

முதல் நாள் யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. கல்லெறியும் கோபமும் வேறு திசையில் போயின. அடுத்த நாள் 'சிலோன்' என்ற சொல் தெருவில் நடமாடத் தொடங்கியது. மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருவில் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் இரண்டு பைகளில் உடுப்புகளை அடுக்கினார். ஐயா வந்து சொல்வதற்கு முன் நாங்களாகப் போய்விட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். எங்கே போவது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஐயா படியேறி வந்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். கண் வீங்கியிருந்தது. பைகளைப் பார்த்தார். "எங்க கிளம்புறீங்க?" என்றார். அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. "பையைப் பிரிங்க. கதவைச் சாத்திட்டு உள்ள இருங்க. யார் வந்து கேட்டாலும் நான் பேசிக்கிறேன்." இவ்வளவுதான் சொன்னார். திரும்பி இறங்கிப் போய்விட்டார்.

அன்று பின்னேரமே ஐந்தாறு பேர் வந்தார்கள். அவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். துக்கத்தில் இருந்தவர்கள், பயந்திருந்தவர்கள். மேலே இருக்கிறவர்களை அனுப்பிவிடுங்கள் என்றார்கள். ஐயா வாசல் கேட்டைத் திறக்காமலே நின்று சொன்னது எனக்கு மாடியில் தெளிவாகக் கேட்டது: "செத்தது என் தலைவருய்யா. வீடும் என் வீடு. போய்ட்டு வாங்க."

ஐயா, எங்களை எதிரியாக நினைக்க உங்களுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. போரூரில் கை ஆட்டிய அந்த முகத்தைப் பார்த்து ஒரு மணி நேரத்துக்குள் இழந்தவர் நீங்கள். அந்தத் துக்கத்தோடேயே எங்களுக்காகக் கேட்டில் நின்றீர்கள். நீங்கள் இருக்கும்போது இதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி ஐயா. என் அம்மாவின் சார்பிலும் தம்பியின் சார்பிலும் நன்றி.

அம்மா, இனி உங்களுக்கு.

சில நாட்களில் பேப்பரில் அந்தப் படம் வந்தது. குண்டு வெடித்த இடத்தில் கிடைத்த கேமராவிலிருந்து எடுத்த படம். கையில் சந்தன மாலையோடு ஒரு பெண், சல்வார் கமீஸ், மூக்குக் கண்ணாடி. ஊரெல்லாம் அந்தப் படத்தைத்தான் பார்த்தது. என்னிடமும் இரண்டு சல்வார் கமீஸ் இருந்தன. நானும் கண்ணாடிக்காரி. எட்டாம் வகுப்பிலிருந்து போடுகிறேன், அது இல்லாவிட்டால் எதிரே வருவது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

நீங்கள் மேலே வந்தீர்கள். கையில் உங்களுடைய சுங்குடிச் சேலை, பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்டது. "இதைக் கட்டிக்கோ. அந்த டிரஸ் எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேணாம்" என்றீர்கள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நீங்களாகவே கையை நீட்டி என் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, உங்கள் முந்தானையில் முடிந்துகொண்டீர்கள். "வெளிய போகும்போது மட்டும்தாம்மா" என்று சொல்லும்போது உங்கள் குரல் கம்மியது.

எனக்குப் படி தெரியவில்லை. அந்த வீட்டு மாடிப்படி பதின்மூன்று. ஏழாவது படி மட்டும் மற்றவற்றைவிட அரைச் சாண் உயரம், கண் தெரிந்தவர்களே தடுக்குவார்கள். நீங்கள் என் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி இறக்கினீர்கள். ஏழு வந்ததும் "இப்போ பார்த்து" என்பீர்கள். ஒன்றிரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய இரண்டு மாதம். டைப்ரைட்டிங் வகுப்புக்கு நான் போய்வர நீங்களே கூட வந்தீர்கள். வகுப்பு வாசலில் முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியைத் தருவீர்கள், முடிந்ததும் வாங்கி மறுபடி முடிந்துகொள்வீர்கள். அந்த ஒரு மணி நேரமும் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் ஒரு கடன் இருக்கிறது. பணக்கடன் இல்லை, அதை அம்மா 1993-இல் புறப்படும்போது தீர்த்துவிட்டார். ஒருநாள் கடையில் வாய் தவறி "தேத்தண்ணிக்குச் சீனி" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் சடாரென்று திரும்பி, "சிலோனா?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி தராசைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நாகர்கோவில் பொண்ணுய்யா. எங்க அக்கா மவ. எங்க பக்கத்துப் பேச்சு உங்களுக்கு என்ன தெரியும்?" எங்கள் பேச்சுக்கும் நாகர்கோவில் பேச்சுக்கும் ஒரு சாயல் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமா. சீனியை இரண்டாம் தாள் சுற்றிக் கட்டித் தந்து, "சர்க்கரைன்னு கேளு தாயி" என்று மெதுவாகச் சொன்னார்.

முகாமுக்கு வெளியே இருந்தவர்கள் எல்லோரும் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும் என்று வந்தபோது, ஐயா எங்களுக்கு முன்னால் நடந்தார். அங்கே இருந்த ஏட்டு ஒருவர் என் அம்மாவுக்குத் தன்னுடைய நாற்காலியைத் தந்தார். வந்த திகதி, வள்ளம் இறங்கிய இடம், வருமானம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் "நீங்க" என்றுதான். இறந்த பொலிஸ்காரர்களில் ஒருவர் தனக்குப் பழக்கம் என்று ஐயாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். பிறகு எங்கள் தாளில் முத்திரை வைத்தார். அவருக்கும் நன்றி.

தம்பியின் படிப்பு அந்த ஆண்டு நின்றுபோனது. அகதிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடாகிவிட்ட காலம். இரண்டு வீடு தள்ளியிருந்த கணக்கு வாத்தியார் மாலை நேரத்தில் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். சம்பளம் என்று அம்மா கொண்டுபோனதை ஒருநாளும் வாங்கவில்லை. அவன் இங்கே என்ஜினியர், சார். உங்களுடைய சிவப்பு மைக் குறிகளோடு அந்த நோட்டுப் புத்தகத்தை இன்னமும் வைத்திருக்கிறான். காய்ச்சலில் தூக்கித்தூக்கிப் போட்ட அவனை நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், விடியும்வரை வாசலில் காத்திருந்த ஓட்டோக்காரத் தம்பி, உங்களையும் மறக்கவில்லை.

இனி நான் எழுதப் போவது உங்களில் யாருக்கும் தெரியாதது. என் அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. அதனால்தான் இப்போது சொல்ல முடிகிறது.

மே 24, டெல்லியில் தகனம். தெரு முழுக்க உங்கள் கூடத்தில், தூர்தர்ஷன் முன்னால் இருந்தது. முன் திண்ணையில் ஒரு நாற்காலி போட்டு, ராஜீவ் படத்தை வைத்து, விளக்கேற்றியிருந்தார் ஐயா. நாங்கள் மேலே. தொலைக்காட்சிச் சத்தம் மாடிக்கு வந்துகொண்டிருந்தது. மகன் கொள்ளி வைக்கப் போகிறான் என்று கீழே யாரோ சொன்னது கேட்டதும் அம்மா எழுந்தார். தொட்டியில் இருந்த செவ்வரத்தம்பூக்களை எல்லாம் பறித்தார். நான் தடுத்தேன். "நடிக்கிறம் எண்டு நினைப்பினம், போகாதேங்கோ அம்மா" என்றேன். அவர் கேட்கவில்லை. மூன்று நாளாகப் படி இறங்காதவர் தனியாக இறங்கினார்.

மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் நின்றவர்களின் பேச்சு நின்றுவிட்டது. ஐயா அம்மாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தான் நின்ற இடத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றார். அம்மா அந்த இடத்தில் நின்று பூவை வைத்துக் கும்பிட்டுவிட்டு மேலே வந்தார்.

என் அம்மாவின் ஒரே தம்பி 1987 ஐப்பசியில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டையில் ஷெல் விழுந்து இறந்தவர். ஊரடங்கில் சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் வளவுக்குள்ளேயே எரித்தோம். கொள்ளி வைக்க யாரும் வர முடியவில்லை, அம்மாதான் வைத்தார். அதை அவர் ஐயாவிடமோ உங்களிடமோ ஒருநாளும் சொல்லவில்லை. உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு நடுவில் தன் துக்கத்தைக் கொண்டுவந்து வைக்கக்கூடாது என்றிருந்தார். ஐயா தள்ளி நின்று விட்ட அந்த ஓரடி இடத்தைப் பற்றி இங்கே வந்த பிறகும் பலமுறை கதைத்திருக்கிறார். "அந்த மனிசன் எனக்கு இடம் விட்டவர்" என்பார்.

அம்மா, உங்களுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது, ஆனாலும் மாடிக்குப் போய் வற்றல் காயவைக்காமல் இருக்கமாட்டேன் என்கிறீர்கள் என்று உங்கள் மகள் தொலைபேசியில் சொன்னார். சுங்குடிச் சேலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மார்கழியில் வருகிறேன்.

அதுவரைக்கும், இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிற பிள்ளைகளே, அவர் மாடியிலிருந்து இறங்கும்போது யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏழாவது படி உயரம்.

என்றும் அன்புடன்,
மாடி வீட்டுப் பெண்