பெரிய கிளைடர் கணக்கெடுப்பில் ஊர்மக்களையும் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
குயின்பியன், கூகாங் பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள்,
நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்
மாண்புமிகு சுற்றுச்சூழல் அமைச்சர் அவர்கள்,
நியூ சவுத் வேல்ஸ் அரசு, சிட்னி.

பொருள்: டல்லகாண்டா அரசுக் காட்டில் பெரிய கிளைடர்கள் (இரவில் மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் பாயும் விலங்குகள்) குடியிருக்கும் பொந்து மரங்களை அடையாளம் காணும் பணியில் பொதுமக்களுக்கு முறையான இடம் தர வேண்டுதல்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் டல்லகாண்டா காட்டுக்குப் போய்விடலாம். அதில் ஒரு பகுதி தேசியப் பூங்கா. இன்னொரு பகுதி, மரம் வெட்ட இடமுள்ள அரசுக் காடு. 2023 ஆகஸ்ட் இறுதியில், மரவெட்டு நடந்த இடத்துக்கு அருகே ஒரு பெரிய கிளைடர் செத்துக் கிடந்தது. மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் வேலையை நிறுத்த உத்தரவிட்டது. அப்புறம் தன்னார்வலர்கள் இரவில் போய்த் தேடியபோது, அதுவரை பதிவாகாத பொந்து மரங்கள் பல தெரியவந்தன. இந்த மனுவை எழுதத் தூண்டியது அந்தச் செய்திதான்.

கூரையில் தடதடவென்று ஓடி நம் தூக்கத்தைக் கெடுக்கும் போசம் வேறு, இது வேறு. பெரிய கிளைடர் வாலோடு சேர்த்து ஒரு மீட்டர் நீளம் இருக்கும். யூகலிப்டஸ் இலையைத் தவிர வேறெதையும் அநேகமாகத் தொடாது. ஒரே தாவலில் நூறு மீட்டர் வரை காற்றில் சறுக்கிப் போகும். சத்தமே போடாத பிராணி என்பதால் அது இருப்பதும் தெரியாது, இல்லாமல் போவதும் தெரியாது. மத்திய அரசு 2016-இல் இதை அழிவாய்ப்புள்ள இனமாக அறிவித்தது. 2019-20 கோடைக் காட்டுத்தீயில் இதன் வாழிடத்தில் கணிசமான பகுதி எரிந்த பிறகு, 2022-இல் அதைவிட ஆபத்து மிகுந்த நிலையான அருகிவரும் இனங்களின் பட்டியலுக்கு மாற்றியது. இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் இவை சரியாகத் தின்பதும் இல்லை என்கிறார்கள்.

இவ்வளவு பெரிய உடம்பு நுழைகிற பொந்து ஒரு யூகலிப்டஸ் மரத்தில் தானாக உண்டாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு கிளைடருக்கு ஒரு பொந்து போதாது. பல பொந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். டல்லகாண்டாவில் வெப்பம் தாங்கும் கூடுபெட்டிகள் பொருத்தப்பட்டிருப்பது நல்ல முயற்சிதான், ஆனால் பெட்டி இருக்கிறதே என்று பழைய மரத்தை வெட்ட அது காரணமாகிவிடக் கூடாது.

சரி, பொந்து மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பகலில் அண்ணாந்து பார்த்தால் பொந்து தெரியும், உள்ளே தூங்குகிற விலங்கு தெரியாது. நள்ளிரவில் டார்ச் அடித்தால் கண்கள் மின்னும், ஆனால் அது எந்த மரத்திலிருந்து வந்தது என்று தெரியாது. பொழுது சாய்ந்தவுடன், அது வெளியே தலைநீட்டும் அந்தக் கொஞ்ச நேரத்தில், மரத்தடியில் ஆள் இருக்க வேண்டும். ஒருவரால் ஒரு மாலையில் ஒன்றிரண்டு மரங்களைத்தான் கவனிக்க முடியும். அதாவது இதற்குத் தேவை விலையுயர்ந்த கருவி அல்ல, ஒரே நேரத்தில் பல இடங்களில் பல ஜோடிக் கண்கள். துறை ஊழியர்களை மட்டும் வைத்து இதைச் செய்வது நடக்காத காரியம். நாங்கள் இருக்கிறோம்.

பொதுமக்கள் சேகரிக்கும் சான்று உதவாது என்று யாரும் சொல்ல முடியாது. 2022 நவம்பரில் விக்டோரியா உச்ச நீதிமன்றம், வெட்டுவதற்கு முன் கிளைடர்களைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவை இரண்டு சமூக அமைப்புகள். ஜெர்விஸ் பே பக்கம் பூடரீ தேசியப் பூங்காவிலோ மரவெட்டே இல்லை. அங்கேயும் 2007-ஐ ஒட்டிப் பெரிய கிளைடர்கள் மறைந்துபோயின. தொடர்ந்து எண்ணிக்கொண்டிருந்ததால்தான் அதுவும் தெரிந்தது.

ஆகவே தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறோம். மரவெட்டுத் திட்டம் வெளியாவதற்கும் வேலை தொடங்குவதற்கும் நடுவே, இரவுக் கணக்கெடுப்புக்குப் போதுமான அவகாசம், குறைந்தது மூன்று மாதமாவது, வேண்டும். அந்தக் காலத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் படத்தோடும் இடக்குறிப்போடும் மாநில அரசின் வனவுயிர்ப் பதிவுத் தளமான பயோநெட்டில் ஏற்றும் பதிவுகளைத் துறை சரிபார்த்து, ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும். எங்களுக்கு மிக முக்கியமானது இதுதான். பதில் வராத பதிவை இரண்டாம் முறை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

பயிற்சியைத் துறையே நடத்த வேண்டும்: விலங்கின் கண் கூசாதபடி சிவப்பு வெளிச்சத்தைப் பயன்படுத்துவது, காட்டில் இரவுப் பாதுகாப்பு, பதிவு செய்யும் முறை. ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்களும் எங்களில் உண்டு. குறிப்பேட்டைத் தமிழாக்கித் தருவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அந்த நிலத்தின் முதல் மக்களுடைய மூத்தோர் இந்தப் பணிக்கு வழிகாட்டினால், அதற்கு உரிய ஊதியமும் அரசு தர வேண்டும்.

இன்னொன்று முள்கம்பி. காட்டை ஒட்டிய பண்ணைகளிலும் பொழுதுபோக்காக வைத்திருக்கும் சிறு பண்ணைகளிலும் வேலியின் மேல்கம்பியில், சறுக்கிப் பாய உதவும் தோல் சவ்வு மாட்டி, கிளைடர்கள் கிழிந்து சாகின்றன. மேல்கம்பியை மட்டும் முள்ளில்லாத கம்பியாக மாற்றினாலே பெரிய வித்தியாசம் வரும். கம்பிக்கு மானியம் கொடுங்கள். நில உரிமையாளர் சம்மதித்தால், வார இறுதியில் வந்து மாற்றிக் கொடுக்க எங்கள் இளைஞர்கள் தயார்.

இது குறித்துத் தங்களையோ துறை அதிகாரிகளையோ குயின்பியனில் நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)