போதை விழிப்புணர்வுப் பாடம் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் பாடங்களில் ஹெராயின், கொக்கெயின், கஞ்சா மூன்றும் எச்சரிக்கைக் கட்டத்துக்குள் இருக்கின்றன. மதுவும் சிகரெட்டும் 'தீய பழக்கங்கள்' என்று வேறொரு பாடத்துக்குப் போய்விடுகின்றன. டாக்டர் எழுதித் தரும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை பற்றிப் பேச்சே இல்லை. சட்டம் தடுத்ததுதான் விஷம், மற்றதெல்லாம் பரவாயில்லை என்றுதானே பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்?

அந்தக் கோடு உடம்பைப் பார்த்துப் போட்டதில்லை. 1898-ல் பேயர் என்ற ஜெர்மன் மருந்து நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாகவே விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மது விற்பது குற்றம். 1961-ல் வந்த ஐ.நா. போதைப்பொருள் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் கஞ்சா உண்டு, புகையிலை இல்லை. அந்தப் புகையிலையால் ஆண்டுக்கு 70 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

நெடுநாள் மொடாக்குடியாக இருந்தவர் சட்டென்று குடியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு பத்தி எழுதுங்களேன். முதலில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில், இல்லாத பூச்சிகளைப் போர்வையிலிருந்து பொறுக்கிப் பொறுக்கிப் போடுவார். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். ஹெராயினை நிறுத்துகிறவர் படும் வேதனையும் கொடுமைதான். ஆனால் நிறுத்தியதால் மட்டுமே உயிர் போவது அரிது.

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்றும் சொல்லிவிடாதீர்கள். ஃபென்டனில் என்ற மிக வீரியமான வலி மருந்தை உதாரணமாகப் பாருங்கள். ஆபரேஷன் தியேட்டரில் அது மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று அச்சிட்ட கண்ணாடிக் குப்பியில் வரும். மயக்க மருத்துவர் நோயாளியின் எடைக்கு ஏற்ப அளந்து போட்டு, மூச்சைக் கவனித்தபடி பக்கத்திலேயே இருப்பார். கள்ளச்சந்தை மாத்திரையில் அதே ஃபென்டனில் எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. 2 மில்லிகிராமே ஆளைக் கொல்லப் போதும். அளவும் கலப்படமும் தெரியாத இந்த நிலைமைதான் சட்டத்துக்கு வெளியே இருக்கும் பெரிய ஆபத்து. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வித்தியாசம் இதுதான்.

அடுத்த பதிப்பில் மது, சிகரெட், தூக்க மாத்திரை, கஞ்சா, ஹெராயின் எல்லாவற்றையும் ஒரே அத்தியாயத்தில் வையுங்கள். எவ்வளவு எடுத்தால் ஆபத்து, எவ்வளவு சீக்கிரம் அடிமையாக்கும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். மதுவோடு தூக்க மாத்திரை சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். இரண்டும் சட்டப்படி கிடைப்பவை, பல வீடுகளில் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பவை.

இப்படிக்கு,
ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை