‘ஜான்’ அல்ல, ‘யான்’: எஸ்தோனியப் பெயர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அயல்நாட்டுச் செய்தி, விளையாட்டுப் பக்கங்களின் ஆசிரியர்களுக்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோருக்கும்,

வணக்கம். எஸ்தோனியாவின் பழம்பெரும் ஆண்பெயர் யான். ஆங்கில எழுத்தில் ஜே-யில் தொடங்குவதால் தமிழில் அது ‘ஜான்’ ஆகிவிடுகிறது. அந்த மொழியில் ஜே எழுத்துக்கு யகர ஒலிதான். அடுத்து வரும் இரட்டை ஏ (aa) ‘ஆ’ என்னும் நெடில். படகோட்டி யூரி யான்சன் 2004, 2008 ஒலிம்பிக்குகளில் வெள்ளி வென்றவர். ‘ஜான்சன்’ என்று எழுதினால் அவர் ஆங்கிலேயர் ஆகிவிடுவார்.

‘யான்’ என்றால் வாசகர் ‘நான்’ என்று படிப்பாரே என்ற தயக்கம் நியாயமானது. தலைப்பில் பெயரைத் தனியே விடாமல் குடும்பப் பெயரோடு எழுதுங்கள். குடும்பப் பெயர் மட்டும் போதுமா என்றால், அதிலும் வம்பு உண்டு: ஸ்கைப்பை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவர் யான் தாலின். தலைநகரின் பெயரும் தாலின். ‘தாலின் முதலீடு’ என்றால் நகராட்சிச் செய்தி என்றே தோன்றும்.

அதிகம் சறுக்குவது வேற்றுமையில்தான். முழுப்பெயர் வரும்போது எஸ்தோனியத்தில் குடும்பப் பெயர் மட்டுமே உருபேற்கும். நாவலாசிரியர் யான் கிரொஸ் (1920–2007), ‘கிரொஸின் நாவல்’ என்னும்போது அங்கே ‘யான் கிரொஸ்ஸி’ ஆவார். அதை அப்படியே பெயராக எடுத்துவிடுகிறோம். அதற்காக ஈற்று இகரத்தையெல்லாம் வெட்டவும் முடியாது. கவிஞர் யான் கப்லின்ஸ்கிக்கு அது பெயரிலேயே உள்ளது. 1999 டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில் முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் சட்டை அணிந்த யான் கிர்சிப்பூவின் பெயரோ ஆறாம் வேற்றுமையிலும் மாறாது. ஐயம் வந்தால் எஸ்தோனிய விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய கட்டுரையின் தலைப்பைப் பாருங்கள். அங்கே எழுவாய் வடிவம் இருக்கும்.

பெயரின் மூலம் யோவான்தான். ஆனாலும் ஆட்களை யோவான் ஆக்க வேண்டாம். தார்த்து நகரின் செங்கல் தேவாலயம் திருமுழுக்கு யோவானுக்கு உரியது, ஜூன் 24 அவர் திருநாள். அந்த இரண்டின் பெயர்களிலும் வரும் ‘யான்’ என்பதை மட்டும் ‘யோவான்’ என்று மொழிபெயர்க்கலாம்.

ரஷ்யப் பேரரசுக் கால ஆவணங்களில் வரும் இவான் பொஸ்காவும், 1920 பிப்ரவரி 2-இல் தார்த்து அமைதி உடன்படிக்கையில் எஸ்தோனியா சார்பில் ஒப்பமிட்ட யான் பொஸ்காவும் ஒருவரே. இரண்டு கட்டுரைகள் தேவையில்லை. யுஹான், அன்ட்ஸ் ஆகியவை இதே வேரில் முளைத்தவை என்றாலும் தனிப்பெயர்கள். அவற்றை யானோடு சேர்த்துவிடாதீர்கள்.

கட்டுரைத் தலைப்புகளைத் திருத்தும்போது ‘ஜான்’ வடிவத்தை அழிக்காமல் வழிமாற்றாக வையுங்கள். தேடுவோர் இன்னும் சில காலம் அதைத்தான் தட்டச்சு செய்வார்கள்.

இப்படிக்கு,
எஸ்தோனியப் பெயர்களைத் தமிழில் எழுதிவருவோர்