வலி அதிகம் என்று சொன்னால் நம்பு

அன்பு மகள் கயலுக்கு,

அவசர சிகிச்சைப் பிரிவில் உனக்கு இரவுப் பணி தொடங்குகிறது என்று எழுதியிருந்தாய். தூக்கம், சாப்பாடு எல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். ஐசியூவில் நர்ஸாக இருந்தவள் என்ற உரிமையில் ஒரு விஷயத்தை மட்டும் எழுதியே தருகிறேன்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஏ பிரிவு. சாதாரணத் தொண்டை வலியைத் தரும் அதே கிருமிதான். பெரும்பாலும் அதோடு போய்விடும். ரத்தத்திலோ, தசையைச் சுற்றியிருக்கும் உறையிலோ இறங்கிவிட்டால் ஆளையே சாய்த்துவிடும். ஆண்டுக்கு 6,63,000 பேருக்கு இப்படி ஊடுருவுகிறது, 1,63,000 பேர் இறக்கிறார்கள் என்று 2005-இல் வெளியான உலக அளவிலான மதிப்பீடு சொன்னது.

ஒரு நோயாளியை என்னால் மறக்க முடியாது. கெண்டைக்காலில் உள்ளங்கையளவு சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் போர்வை உரசினாலே துடித்தார். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன். அடுத்த முறை பார்க்கும்போது சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. பிறகு ஊதா நிறக் கொப்புளங்கள். அப்புறம், "இப்போ வலி குறைஞ்சிருக்கு சிஸ்டர்" என்றார். அதுதான் என்னைக் கலக்கியது. நரம்பு செத்தாலும் வலி போய்விடும், கயல். பிரஷர் இறங்கியது, யூரின் பை நிரம்பவே இல்லை.

கண்ணுக்குத் தெரிவதைவிட வலி அதிகமாக இருந்தால் நோயாளியை நம்பு. வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதே. பென்சிலின் இன்றைக்கும் இந்தக் கிருமியைக் கொல்கிறது. அதோடு கிளிண்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் கொடுப்பது கிருமி நஞ்சு தயாரிப்பதை நிறுத்த. அந்த நஞ்சுதான் நோய் எதிர்ப்புச் சக்தியையே வெறிபிடிக்க வைத்து உடம்பைக் கவிழ்க்கிறது. ஆனால் ரத்த ஓட்டம் நின்றுபோன சதைக்குள் எந்த மருந்தும் போய்ச் சேராது, அதை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். ஸ்கேன் வரட்டும் என்று காத்திருக்காதே. நடுராத்திரியில் சர்ஜனை எழுப்பத் தயங்காதே, திட்டினால் திட்டட்டும்.

அந்த நஞ்சால் பிரஷர் சரிந்து உறுப்புகள் செயலிழக்கும் டாக்ஸிக் ஷாக் வந்துவிட்டால், நல்ல சிகிச்சை கிடைத்தும் பத்தில் மூன்று பேராவது போய்விடுகிறார்கள், சில இடங்களில் பாதிக்கு மேலும். பிழைத்தவர்களை டிஸ்சார்ஜ் பட்டியலில் எண்ணிவிட்டு மறந்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம். மீண்டும் மீண்டும் ஆபரேஷன் தியேட்டர், தோல் ஒட்டு, சிலருக்குக் கையோ காலோ இல்லை. சின்னக் கீறலுக்கும் நடுங்குவார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேசு.

பிரசவமான பெண்ணுக்குக் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்தால் இதை நினை. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்ப்பவர்களைக் கை கழுவ வைத்தே எத்தனையோ தாய்மாரைப் பிரசவக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றினார். சின்னம்மை இறங்கும் வேளையில் மறுபடியும் காய்ச்சல் ஏறும் குழந்தையையும் லேசாக எடுத்துக்கொள்ளாதே.

இது தொற்றும் கிருமி என்பதால் நோயாளியோடு வந்திருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேள்: வீட்டில் வேறு யாருக்காவது தொண்டை வலி, காய்ச்சல் உண்டா, கைக்குழந்தை இருக்கிறதா என்று. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அன்புடன்,
அம்மா