எந்த சீஸுக்கு எந்த துருவி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க சமையல் பக்கத்துல சீஸ் துருவிப் போடுங்கன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க, எந்த துருவியில துருவணும்னு யாருமே சொல்றதில்ல, அதனாலதான் இத எழுதறேன்.

வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா நாலு பக்கமும் ஓட்டை இருக்கிற பாக்ஸ் கிரேட்டர்தான் என் ஓட்டு. பெரிய ஓட்டைல செடார், மொசரெல்லா துருவலாம், சின்னதுல பார்மசான். ஆனா அந்த முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கிற பக்கம் சீஸ பொடியாக்கிடும், கழுவறதுக்குள்ள ஸ்பாஞ்சே கிழிஞ்சுடும், எனக்கு அது சுத்தமா பிடிக்காது.

பார்மசான் மாதிரி கெட்டி சீஸ் நிறைய யூஸ் பண்றவங்க நீளமா மெல்லிசா இருக்கிற மைக்ரோபிளேன் வாங்கலாம், அது முதல்ல மரம் இழைக்கிறதுக்காக வந்த அரம், அதான் அவ்வளவு ஷார்ப், பஞ்சு மாதிரி விழும், ஆனா மெத்துன்னு இருக்கிற சீஸ அதுல வச்சா ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும். கைப்பிடிய சுத்தற டைப்ல விரல் பிளேடு பக்கமே போகாது, பிள்ளைங்க உதவி பண்ற வீட்டுக்கு அதுதான் சரி, பெரிய கட்டிய மட்டும் வெட்டித்தான் போடணும்.

எதுல துருவினாலும் மொசரெல்லாவ கொஞ்ச நேரம் ஃப்ரீஸர்ல வச்சு எடுங்க, ஒட்டாம வரும். கழுவும்போது முதல்ல பச்சத்தண்ணி ஊத்துங்க, சுடுதண்ணி பட்டா சீஸ் இளகி ஓட்டைக்குள்ள அப்பிக்கும். அடுத்த தடவை சீஸ் ரெசிபி போடும்போது துருவி பேரையும் சேர்த்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி